மது, விபத்து, மக்கள் கோபம்: வழக்கு எங்கே தளர்கிறது?

300 சொற்களில் ஒரு கட்டுரை. 2024 மே 19 அதிகாலை புனே கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகச் சொல்லப்பட்ட 17 வயதுச் சிறுவனுக்கு அன்றே ஜாமீன் கொடுத்த சிறார் நீதி வாரியம் விதித்த நிபந்தனைகளில் அந்தக் கட்டுரையும் ஒன்று. சாலை விபத்துகளைப் பற்றி எழுத வேண்டும், 15 நாள் போக்குவரத்துப் போலீசாருடன் வேலை செய்ய வேண்டும். உத்தரவு வெளியே தெரிந்ததும் நாடே கொதித்தது. விபத்து நடந்த பகுதியிலேயே கட்டுரைப் போட்டி நடத்தி எதிர்ப்பைக் காட்டினார்கள். மூன்றே நாளில், மே 22 அன்று, வாரியம் சிறுவனைக் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பியது.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது எதைக் கேட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "பெரியவனாகக் கருதி விசாரியுங்கள்" என்பதே பலரின் கோரிக்கை. புனே போலீசாரும் அதையே கேட்டார்கள். 2025 ஜூலையில் வாரியம் மறுத்துவிட்டது. பணம் பாதாளம் வரை பாயும் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் இந்த மறுப்புக்கான காரணம் 2020 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இருக்கிறது. 16 வயதைத் தாண்டிய சிறுவனைப் பெரியவனாக விசாரிக்க வேண்டுமென்றால், குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டாக இருக்க வேண்டும் என்கிறது அது. மரணம் விளையும் என்று அறிந்தே செய்த செயலுக்குச் சட்டத்தில் அதிகபட்சம் 10 ஆண்டு உண்டு, குறைந்தபட்சம் கிடையாது. அந்த 2020 வழக்கும் டெல்லியில் ஒரு சிறுவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்ததில் பிறந்ததுதான். நாடாளுமன்றமும் 2021 திருத்தத்தில் இதே நிலையைச் சட்டமாக்கியது. ஆக, இந்தக் கதவு புனே விபத்துக்கு முன்பே சாத்தப்பட்டிருந்தது.

என்னைக் கேட்டால், புனேயில் மக்கள் கோபம் முழுதாகக் குவிந்திருக்க வேண்டிய இடம் ரத்த மாதிரி. விபத்து நடந்தது அதிகாலை இரண்டரை மணியளவில். சசூன் பொது மருத்துவமனையில் சிறுவனின் ரத்தம் எடுக்கப்பட்டது காலை 11 மணியளவில். உடல் ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்தும் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் ஆல்கஹாலைக் கழித்துக்கொண்டே இருக்கும். விபத்து நேரத்தில் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் இருந்திருந்தாலும், எட்டரை மணி நேரம் கழித்து ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இந்தத் தாமதமே பெரிய கேடு. அதற்கு மேலும் ஒன்று நடந்தது என்கிறார்கள் போலீசார். சிறுவனின் மாதிரியைத் தூக்கி எறிந்துவிட்டு, அவன் தாயின் ரத்தத்தை அதற்குப் பதில் வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வேறொரு மருத்துவமனையில் எடுத்த இரண்டாவது மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டபோதுதான் முதலாவது அவனுடையது அல்ல என்று தெரியவந்தது. மருத்துவர்கள் இருவர் கைதானார்கள், பெற்றோரும் கைதானார்கள்.

ஒரு ரத்தக் குப்பிக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்கள் மும்பை கார்ட்டர் சாலை வழக்கைப் பார்க்கலாம். 2006 நவம்பர் 12 அதிகாலை, வேலை முடித்து நடைபாதையில் படுத்திருந்த கூலித் தொழிலாளர்கள் மீது கார் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். 2007இல் விசாரணை நீதிமன்றம் அதை வெறும் அஜாக்கிரதை என்று எடுத்துக்கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதமா என்று மும்பை கொந்தளித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, 'அறிந்தே செய்தது' என்ற பிரிவுக்கு மாற்றி மூன்றாண்டாக உயர்த்தியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்றாண்டும் குறைவுதான், ஆனால் கூட்டக் கோரி அரசு மேல்முறையீடு செய்யவில்லையே என்றும் குறிப்பிட்டது.

மக்கள் கோபத்துக்குப் பலன் கிடைத்த வழக்கு இது. ஆனால் அந்தக் கோபம் பிடித்து நிற்க ஒரு ஆதாரம் இருந்தது. ஓட்டியவரின் ரத்தத்தில் 0.112 சதவீதம், அதாவது 100 மில்லிலிட்டருக்கு 112 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பது ஆய்வக அறிக்கையில் பதிவாகியிருந்தது. அந்தச் சாலையோரம் தொழிலாளர்கள் படுத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், இவ்வளவு குடித்துவிட்டு வேகமாக ஓட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் முடிவுக்கு வர அது உதவியது. மாதிரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1971இலேயே உச்ச நீதிமன்றம் காட்டிவிட்டது. வாயில் வாடை, உளறல், விரிந்த கண்மணி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதை நிரூபணமாகாது என்றது அந்தத் தீர்ப்பு.

அஜாக்கிரதைக்கான பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1). அலட்சியத்தால் மரணம், அதிகபட்சம் ஐந்தாண்டு. முன்பு இரண்டாண்டுதான். அறிந்தே விளைவித்த மரணம் பிரிவு 105இல் வருகிறது, அதில் பத்தாண்டு வரை போகலாம். முதலாவதில் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும். இரண்டாவதில் நீதிமன்றம் மனது வைத்தால்தான் உண்டு. ஒரே விபத்து எந்தப் பிரிவில் விழும் என்பதை முதல் சில மணி நேரமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

யாரும் சாகாத, தினமும் நடக்கும் வழக்குகளில் மக்களின் குரலே வேறு. சென்னையில் இரவு பதினோரு மணிக்கு மேல் தடுப்புக் கம்பி போட்டு நிற்கிறார்கள். போலீஸ்காரர் உறையைக் கிழித்துப் புதுக் குழலைக் கருவியில் மாட்டுகிறார். "ஊதுங்க... நிறுத்தாம ஊதுங்க." திரையில் எண் வருகிறது, 30 மில்லிகிராமைத் தாண்டினால் டி.டி. கேஸ், அதாவது குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. சீட்டில் அச்சாகி வரும்வரை "ரெண்டு பீர்தான் சார், வீடு பக்கத்துலதான்" என்ற கெஞ்சல் ஓயாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185இன்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ. மறுமுறை 15,000 ரூபாய், இரண்டாண்டு வரை சிறை. ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதுபோல் இதை அங்கேயே கட்டித் தீர்க்க முடியாது, நீதிமன்றம் போயாக வேண்டும். ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த மறுப்பே எதிரான சாட்சியமாகலாம்.

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராதம் வந்தபோது எழுந்த முணுமுணுப்பு லேசானதல்ல. வண்டியே பத்தாயிரம் பெறாது என்று சொல்லி, பழைய டூவீலரை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. தினக்கூலிக்காரருக்கு அது அரை மாதச் சம்பளம் என்பதை நான் மறுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கும் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 188இன் கீழ் வழக்கு என்று சென்னைப் போலீசார் அறிவித்தபோது இன்னும் கசந்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. நண்பன் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டே சாவியை அவன் கையில் கொடுத்து, அவன் பின்னாலேயே ஏறி உட்காருகிறவருக்கும் அந்தப் பயணத்தில் பங்கு உண்டு.

"டாஸ்மாக்கில் விற்பதும் அரசு, வெளியே வந்தால் பிடிப்பதும் அரசு" என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில்தான் 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூடிய கடைகளை ஊருக்குள் திறக்கப் போனபோது 2017 ஏப்ரலில் திருப்பூர் சாமளாபுரத்தில் பெண்கள் மறியல் செய்தார்கள். ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி அறைந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதே ஆண்டிலேயே நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் கிடைத்துவிட்டது. இந்தக் கேள்வியை அரசிடம் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் குடித்து ஓட்டியவரின் வண்டி மோதிச் செத்த ஒரு சைக்கிள்காரரின் வீட்டில் போய் இதை ஒரு சமாதானமாகச் சொல்ல முடியாது.

அந்த வீட்டுக்காரர்கள் மருத்துவமனை வாசலில் நிற்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. ஓட்டியவரை ஊத வைத்தார்களா? ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு? குடிபோதையில் ஓட்டியதாகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 202. அந்த நேரம் கடக்கும் முன்பே இதைக் கேட்டால்தான் பயன். எஃப்.ஐ.ஆரைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கலாம். அதில் 106(1) மட்டும் இருந்து, ஓட்டியவர் குடித்திருந்தது பதிவாகியிருந்தால், 105ஐயும் சேர்க்கக் கோரி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம். அவர் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம்.