பிழையைப் பிள்ளையே அறிக

ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் ஜில்லாவிலே, அழிஞ்சிவாக்கம் பள்ளியில் 2022-ஆம் வருஷம் ஜூன் மாதம் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை, அவரவர் கற்ற அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாக வகுத்துப் பயிற்றுவதே தொடக்கத்தில் இதன் முறையாயிருந்தது. குழந்தையின் தேர்ச்சியை ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் பதிந்து நிலையை அறிகிறார். இது போற்றத்தக்கதே. ஆயினும் அவ்வறிவு ஆசிரியரோடு நின்றுவிடலாமா? தாயும் தந்தையும் ஆலை வேலைக்குச் செல்லும் அம்பத்தூர் வீடுகளில், மாலையில் பாடஞ் சொல்லித்தர யாருளர்? அங்கே பிள்ளைக்குத் துணை அதன் சொந்தப் புத்தியே. ஆகையால் பிழை இன்னதெனப் பிள்ளைக்கே காட்டி, தானே திருத்திக்கொள்ள அவகாசமும் அளிக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம். கருவி நிலையைக் காட்டும்; நிலையிலிருந்து உயர்வது பிள்ளையின் சொந்த முயற்சியாலன்றோ!