மேலே ஒரு மாடி எழுப்பும் முன்

பொதுச்சொத்து – 17

சென்ற வாரம் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். தண்ணீருக்குக் கட்டணம் கட்டுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். நூலகத்துக்கும் கட்டுகிறோம் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. 3,000 ரூபாய் சொத்து வரி என்றால் அதனோடு இன்னொரு 300 ரூபாய் நூலகத்தின் கணக்கு. ஆகவே உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் கூரை ஒழுகினால், ‘ஏனுங்க, எப்ப சரி பண்ணுவீங்க?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த வரிக்கு வழி திறந்த சட்டத்தில் கொங்கு மண்ணின் பங்கு பெரிது. திருப்பூரில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை வளர்த்தெடுத்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1948-ல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் மன்றாடிக் கேட்டதை ஒரு கொங்கு நாட்டு அமைச்சர் நிறைவேற்றிக் கொடுத்தார். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதன் கீழ் மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று இன்று நாம் பார்க்கும் அமைப்பு முழுக்க அதிலிருந்து கிளைத்ததுதான். ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது கோவையில் நூலகம் என்றாலே அனுப்பர்பாளையம்தான் பேச்சு. தந்தை பெரியார் பெயரில் நூலகமும் அறிவியல் மையமும் கட்ட 2024 நவம்பர் 6 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 300 கோடி ரூபாய். தரைத்தளத்துக்கு மேல் ஏழு தளங்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர அடி. சென்னைக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அந்த வரிசையில் கோவைக்கு இது. மனதார வரவேற்கிறேன்.

ஆனால் அன்னூரிலோ தொண்டாமுத்தூரிலோ இருக்கும் ஒரு பெண் தினமும் பஸ் பிடித்து அனுப்பர்பாளையம் வந்து போக முடியாது. அவளுக்கு நூலகம் என்பது அவள் ஊர்க் கிளை நூலகம்தான். பெரிய நூலகம் வருகிறதே என்று சின்ன நூலகங்களின் சுண்ணாம்பு உதிர விட்டுவிட்டால், அவள் செலுத்தும் வரிக்கு அவளுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அந்தப் பழைய கட்டடங்கள் எதற்காகக் கட்டப்பட்டவை? காலையில் வந்து நாளிதழ் புரட்டுகிறவர், சாயங்காலம் நாவலை மாற்றிக்கொண்டு போகிறவர், இவர்களுக்காக. ஒரு மேசை, சுற்றி பத்து நாற்காலி, சுவரோரம் அலமாரிகள், வாசலில் நூலகர் மேசை. அவ்வளவு போதுமானதாக இருந்தது. இன்று வருகிறவர் வேறு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதும் பிள்ளைகள் கதவு திறக்கும்போதே டிபன் பாக்ஸோடு வந்து, பூட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் படிக்கட்டில், சைக்கிள் நிறுத்தத்தில், வேப்பமரத்தடியில் புத்தகத்தை மடியில் வைத்துப் படிப்பதைக் கொங்கு நகரங்கள் எதிலும் பார்க்கலாம். வீட்டில் தனி அறை கிடையாது; விசைத்தறிச் சத்தம் ஓயாது. நூலக மேசைதான் அவர்களுக்குக் கிடைத்த படிப்பறை.

‘மேலே ஒரு மாடி எடுத்துவிட்டால் போயிற்று’ என்பதுதான் எல்லோரும் உடனே சொல்லும் யோசனை. இங்கேதான் நிதானம் வேண்டும். புத்தகம் தனியாகக் கையில் இருக்கும்போது எடை தெரியாது; அலமாரி அலமாரியாகச் சேரும்போது அதைப் போல் கனம் கொண்ட சரக்கு குறைவு. இந்தியத் தரக் குறியீட்டின்படி ஒரு வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். நூல்களை அடுக்கும் அறையின் தளமோ சுமார் 600 கிலோ தாங்க வேண்டும், அதுவும் 2.2 மீட்டர் உயர அலமாரிக்கு. அதற்கு மேல் உயர்த்தினால் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னொரு 200 கிலோ. வாசிப்பறைக்கு 300 முதல் 400 கிலோ. வீடு கட்டும் கணக்கில் மாடி எழுப்பி, அதில் இரும்பு அலமாரிகளை நெருக்கி நிறுத்துவது ஆபத்து. புத்தகம் கீழே, வாசகர் மேலே என்பதே பொதுவான நல்ல வழி. ஆனால் நாளிதழ் பகுதி மட்டும் கீழேயே இருக்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவரை இரண்டு செய்தித்தாளுக்காகப் படியேற வைக்கக் கூடாது. சாய்தளம் என்பது யாரோ கருணையோடு சேர்த்துத் தருவதல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுக் கட்டடத்தில் இருந்தே தீர வேண்டியது.

மண்ணையும் பார்க்க வேண்டும். சூலூர், பல்லடம் பக்கம் கரிசல் நிலங்கள் உண்டு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத பழைய சுவர்களில் சாய்வாக விரிசல் ஓடும். அந்த விரிசலைச் சிமெண்டால் பூசி, மேலே பெயிண்ட் அடித்து, அதன்மேல் மாடியும் எழுப்பினால் பணமும் போகும், கட்டடமும் போகும். முதல் செலவு மண் பரிசோதனைக்கும் தூண்களின் பலத்தைச் சோதிப்பதற்கும்தான் இருக்க வேண்டும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலைச் சுமந்து வரும் ஊர் இது. மேற்குப் பக்க ஜன்னலுக்கு ஆழமான சன்ஷேடு வேண்டும். அலமாரிகளை ஜன்னலுக்குக் குறுக்காக நிறுத்தினால் நடைபாதை முழுக்க வெளிச்சம் பாயும்; இணையாக நிறுத்தினால் முதல் அலமாரியே வெளிச்சத்தை மறித்துவிடும். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தையாவது நாளைக்கே செய்யலாம்.

நூலகம் வளரும் உயிர் என்பது ரங்கநாதனின் ஐந்து விதிகளில் கடைசி விதி. அந்த ஐந்தையும் அவர் 1931-ல் நூலாகவே வெளியிட்டார். சென்னை கன்னிமாரா நூலகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1896-ல் திறந்த பழைய மண்டபத்தை, அதன் வண்ணக் கண்ணாடிகளோடும் தேக்கு வேலைப்பாட்டோடும் அப்படியே காத்துக்கொண்டு, 1970-களில் பக்கத்தில் புதுக் கட்டடத்தை இணைத்தார்கள். இடித்துவிட்டுத்தான் பெரிதாக்க முடியும் என்பவர்கள் ஒருமுறை எழும்பூர் போய்வரலாம்.

கட்டட வேலை நடக்கும் மாதங்களில் நூலகம் எங்கே இருக்கும்? புதுப்பிப்பில் யாரும் முதலில் கேட்காத கேள்வி இதுதான். புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஏதோ ஓர் அறையில் போட்டால், ஒரு மழைக்காலம் போதும், கரையான் முந்திக்கொள்ளும். பக்கத்துப் பள்ளியின் ஓர் அறையோ சமுதாயக் கூடமோ முன்கூட்டியே பேசி வைத்து, நாளிதழும் வாசிப்பு மேசையும் ஒரு நாள்கூட நிற்காமல் நடத்த வேண்டும். தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது ஒரு வாய்ப்பையே இழப்பது.

இடம் ஒதுக்கும்போது கழிவு நூல் பட்டியலும் தயாராகும். நைந்துபோன பழைய வழிகாட்டிகள் போகட்டும். ஆனால் கோவைகிழார் ராமச்சந்திரன் செட்டியார் கொங்கு வரலாற்றை எழுதிய பழைய பதிப்புகளும், உள்ளூர் அச்சகங்களில் வந்த தலபுராணங்களும், மில் தொழிலாளர் சங்க மலர்களும் பின் அலமாரியில் கிடக்கும். எடைக்குப் போய்விட்டால் மீண்டும் கிடைக்காது. பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் முழுமையாக இருக்கிற நூலகம் ஒவ்வொன்றும் அதைக் கண்ணாடி அலமாரியில் காக்க வேண்டும். மொடக்குறிச்சிப் பக்கத்து மனிதர் தமிழுக்குச் செய்த வேலை அது.

கட்டடம் மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடம் அனுபவம் இருக்கிறது. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் எழுந்தது. நல்ல திட்டம். ஆனால் திறக்க ஆளில்லாமல் பூட்டு தொங்கிய இடங்கள் எத்தனையோ. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதும் தமிழகம் முழுக்க நெடுநாள் குறை. அந்த நிலுவை வந்தாலே பல கிளை நூலகங்களுக்குப் பெண்கள் கழிப்பறையும் ஓர் உதவியாளரும் கிடைத்துவிடும். நாள் முழுக்கப் படிக்கவரும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எழுதவே வேதனையாக இருக்கிறது.

ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் இருக்கிறது. டெண்டர் விடும் முன் வரைபடத்தை வாசலில் ஒரு மாதம் ஒட்டி வைத்து, வட்டத்தைக் கூட்டிப் பேசட்டும். சார்ஜர் குத்தும் பிளக் எங்கே வர வேண்டும், எந்த மூலையில் மின்விசிறிக் காற்று எட்டுவதில்லை, குழந்தைகளின் அலமாரி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் பொறியாளரைவிடத் தினமும் அங்கே உட்காருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஊர் வட்டம் கூடுவதே இல்லையென்றால், வருகிற ஞாயிறு நூலகரிடம் போய்ப் பேசி, நாலு பேர் சேர்ந்து நீங்களே கூட்டுங்கள்.

(தொடரும்)