பிரெஞ்சு படிச்சா வேலை கிடைக்குமா?

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் நடந்து பாருங்க, சீசன்ல டீக்கடையிலேயே பிரெஞ்சு காதில் விழும். 1949-ல் ரமணரைப் பார்க்க வந்த பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோ, பிறகு இந்த மலைக் குகையிலேயே தங்கினார். சுமார் 100 கி.மீ. தள்ளி புதுச்சேரி. பிரெஞ்சு நமக்கு அவ்வளவு தூரத்து மொழி இல்லை.

சரி, வேலை? பிளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு போதாது. உங்க லெவல் என்ன என்றுதான் கேட்பார்கள். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள். பி2 வரை டெல்ஃப் பரீட்சை, அதற்கு மேல் டால்ஃப். இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பிரான்ஸில் பிரெஞ்சு வழியில் படிக்க பொதுவாக பி2 வேணும். கனடா பி.ஆர்.-க்கு டெல்ஃப் செல்லாது. டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா எழுதணும், அந்த மார்க் 2 வருஷம்தான் செல்லும். எங்கே போகப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு ஃபீஸ் கட்டுங்க.

பி2 தொட சுமார் 500 மணி நேரமாவது ஆகும். தினம் ஒரு மணி நேரம்னா ஒன்றரை வருஷம். செகண்ட் இயரில் ஆரம்பித்தால் பிளேஸ்மென்ட்டுக்குள் முடிக்கலாம். சென்னை, புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் வகுப்புகள் இருக்கு.

ஒரகடம் ரெனோ, ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபைன் மாதிரி இடங்களில் இன்ஜினியராகச் சேர உங்க சப்ஜெக்ட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிரெஞ்சு கூடுதல் பலம். மொழியே தொழில்னா, மொழிபெயர்ப்போ ஆசிரியர் வேலையோ, புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிரெஞ்சு இருக்கு. இரண்டில் உங்க வழி எதுன்னு இப்பவே தேர்ந்தெடுங்க.