தூரத்திலிருந்து ஆடும் ஆட்டம்

மூணாற்றில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் தமிழர் ஒருவர். பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் கடை வைத்திருக்கும் அவருடைய பள்ளித் தோழர் மற்றொருவர். இருவருக்கும் சதுரங்கத்தில் பெருவிருப்பம் என்று வைத்துக்கொள்வோம். வாழ்வது ஒரே கேரள மாநிலத்தில்தான். ஆயினும், ஒருவர் மற்றவரைக் காணப் புறப்பட்டால் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைச் சுற்றி, சின்னாறு, மறையூர் வழியாக மலையேற வேண்டும். ஆகவே மின்னஞ்சலில் ஆடத் தொடங்குகிறார்கள். முதல் வாரத்தில் நாளுக்கு இரண்டு நகர்வுகள். மூன்றாம் மாதத்தில் வாரத்துக்கு ஒன்று. அதன் பிறகு மௌனம்.

ஆட்டம் நின்றுபோவது பெரிதன்று. பதில் எழுதாமல் விட்டோமே என்ற கூச்சத்தினால் நலம் விசாரிக்கும் கடிதமும் நின்றுபோகிறதே, அதுதான் பெரிது. ஊரைவிட்டு வந்து பிற மாநிலங்களில் சிதறி வாழும் நமக்கு இந்த இழப்பு நன்றாகப் புரியும்.

கடிதவழி ஆட்டம் புதியதன்று. 1824 முதல் 1828 வரை எடின்பரோ நகரத்தாரும் லண்டன் நகரத்தாரும் தபாலில் சதுரங்கம் ஆடினார்கள், எடின்பரோ வென்றது. ஏறத்தாழ அக்காலத்தில் சென்னையும் ஐதராபாத்தும் ஆடிய இரண்டு ஆட்டங்கள் 1829இல் சென்னையில் நூலாக வெளிவந்தன. சென்னையின் ஆட்டத்தை முதன்மையாக நின்று நடத்தியவர் குலாம் காசிம். இந்தியாவில் ரயில் ஓடாத காலம் அது. பின்னர், அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் முதல் உலக வாகைக்கான இறுதிச் சுற்று 1950இல் தொடங்கி 1953இல்தான் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் பர்டி வாகை சூடினார். கடிதம் மெல்ல நடந்த நாளில் முடிவுகண்ட ஆட்டம், அது நொடியில் சேரும் இந்நாளில் ஏன் பாதியில் நிற்கிறது?

விடை எளியது. ஆட்டத்தைக் காப்பது வேகமன்று, ஒழுங்கு. மூணாறு இருந்த திருவிதாங்கூரிலும், கொழிஞ்சாம்பாறை இருந்த கொச்சியிலும் முன்பு சமஸ்தானத் தபாலுக்கு ‘அஞ்சல்’ என்றே பெயர். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர் இன்றைய மின்னலுக்கு ஈடாகமாட்டார். ஆனால் அவர் வரும் நேரம் மக்களுக்குத் தெரியும். அந்த உறுதிப்பாடுதான் நீண்ட ஆட்டத்துக்கும் வேண்டுவது.

அனுபவம் மிக்கவர்கள் இதற்குச் சில விதிகளை வகுத்தார்கள். முதலாவது, தவணை. அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் 10 நகர்வுகளுக்கு 30 நாட்கள் என்பது வழக்கமாக இருந்தது. கடிதம் வழியில் கழிக்கும் நாட்கள் கணக்கில் சேரா. எளிய நகர்வில் மிச்சமாகும் நாளைக் கடினமான நகர்வுக்குச் செலவிடலாம். தவணை இல்லாத இடத்தில் ‘நாளை பார்ப்போம்’ என்பதே விதியாகிவிடும்.

இரண்டாவது, சுருக்கம். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு எண்களால் குறிக்கும் முறை உண்டு. 5254 என்றால், ஐந்தாம் வரிசையின் இரண்டாம் கட்டத்திலுள்ள காய் அதே வரிசையின் நான்காம் கட்டத்துக்குச் செல்கிறது என்று பொருள். நான்கே எண்கள், எந்த மொழியினருக்கும் விளங்கும். பதில் எழுதுவது பாரமாகத் தோன்றாவிட்டால் ஒத்திப்போடவும் தோன்றாது.

மூன்றாவது, விடுப்பு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாற்றுச் சாலைகள் துண்டிக்கப்பட்டதை அறிவோம். மலைச்சரிவில் மழைக்காலத்தில் மின்சாரமும் தொலைபேசியும் நம்மைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஆண்டுக்கு இத்தனை நாள் விடுப்பு என்று முன்னரே ஒப்புக்கொண்டால், தாமதம் குற்றமாகாது. திரும்பி வருபவருக்கும் வெட்கமிராது.

நான்காவது, தோற்பவருக்குரிய வழி. பலர் மௌனமாவது நேரமின்மையால் அன்று, தோல்வி தெரிந்துவிட்டதால். ‘ஆட்டம் உங்களுடையது, அடுத்ததைத் தொடங்குவோம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் இருவருக்கும் விடுதலை. தோல்வியை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை. எதிராளியைக் காக்கவைப்பதில்தான் இழிவு.

பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் பொறுப்பு இன்னும் பெரிது. 1959இல் விற்பனைக்கு வந்த ‘டிப்ளமசி’ என்ற ஆட்டத்தில் ஏழு பேர் ஏழு வல்லரசுகளாக நின்று ஐரோப்பாவுக்குப் போட்டியிடுவர். 1963 முதல் அமெரிக்காவில் இதனைத் தபாலில் ஆடினார்கள். ஒருவர் கட்டளை அனுப்பத் தவறினால் அவர் படைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். பக்கத்து நாட்டவர் உழைப்பில்லாமல் வெல்வார். மற்ற ஐவரின் மாதக்கணக்கான திட்டம் வீணாகும். எனவே, விலகுபவரின் இடத்தை ஏற்கக் காத்திருப்போர் பட்டியலொன்றை நடத்துநர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் தனிமனிதரைச் சார்ந்து நிற்காமல் பார்த்துக்கொண்டது அவர்களுடைய சாமர்த்தியம்.

அந்த நடத்துநருக்கும் ஒரு கடமை உண்டு. குறித்த நாளில் முடிவை வெளியிட வேண்டும். அவர் ஒருமுறை தாமதித்தால் ஆடுவோர் இருமுறை தாமதிப்பார்கள். தவறியவரைச் சபையில் கடிந்துகொள்ளாமல், ‘உடல்நலம்தானே?’ என்று தனியே ஒரு கடிதம் எழுதுவதும் அவர் கடமையே.

ஆரம்ப சூரத்தனத்தில் இருபது ஆட்டங்களை ஒருங்கே தொடங்குவோர் உண்டு. இரண்டு போதும். ஒவ்வொரு நகர்வோடும் ஊர்ச்செய்தி ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். மூணாற்று மழையும் கொழிஞ்சாம்பாறை வெயிலும் கட்டங்களுக்கு இடையே சென்று வரட்டும். உங்களிடமும் பதிலெழுதாத ஆட்டம் ஒன்று எங்கேனும் கிடக்கலாம். இன்றிரவு அதற்கு ஒரு நகர்வை அனுப்பிவையுங்கள். மறுமுனையில் ஒருவர் இன்னும் பலகையைக் கலைக்காமல் வைத்திருக்கக்கூடும்.