பாறை மேல் ஒரு தமிழ்ச் சாசனம்

கலகெதரவிலிருந்து கண்டிக்கு வருவோர் பெரும்பாலும் தலதா மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். பிலிமத்தலாவைப் பக்கம் இன்னும் கொஞ்சம் போகலாம்.

அங்கே 1344இல், நான்காம் புவனேகபாகு காலத்தில் எழுந்த இரண்டு விகாரைகள் இருக்கின்றன. அவற்றில் கடலாதெனிய பெரும்பாலும் கருங்கல். தென்னிந்தியச் சிற்பி கணேஸ்வராச்சாரியின் கைவண்ணம். தூண்களைப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபம்தான், உள்ளே அமர்ந்திருப்பவர் மட்டும் புத்தர்!

லங்காதிலக்க செங்கல்லால் ஆனது. ஸ்தபதி ராயர் கட்டியது. ஒருபுறம் புத்தர், மறுபுறம் விஷ்ணு, கணபதி, கந்தன், விபீஷணன் முதலிய தெய்வங்கள். வெளியே பாறையில் சிங்களச் சாசனத்துடன் தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழர் தவறவிடக் கூடாதது இதுதான்.

அருகிலுள்ள எம்பெக்கே கதிர்காமக் கந்தனின் ஆலயம். அதன் மரத்தூண்களில் மல்லர்கள், நடன மங்கையர், இருதலைப் பறவை.