ராமர் பட்டாபிஷேகக் காசு: அடையாளம் காணுதலும் மதிப்பிடுதலும்

ராமர் பட்டாபிஷேகக் காசு என்பது கோயில் நகரங்களிலும் திருவிழாக் கடைகளிலும் பக்தர்களுக்கு விற்கப்பட்ட நினைவு வில்லை ஆகும். நாணயவியல் நூல்கள் இதனை ராமடங்கம் என்று குறிப்பிடுகின்றன. டங்கா என்பது காசைக் குறிக்கும் பழைய வடநாட்டுச் சொல். இதைக் கொடுத்துக் கடையில் எதையும் வாங்கியதில்லை. பூஜையில் வைப்பதற்கே வாங்கினார்கள். தமிழ்நாட்டின் பல வீடுகளில் இது பூஜை அறையிலோ, அரிசிப் பானையிலோ, நகைப்பெட்டியின் அடியிலோ இன்றும் கிடக்கிறது.

செஞ்சி வட்டாரத்தில், தொண்டூர் போன்ற ஊர்களில், இந்தக் காசுக்கு ஒரு கதையும் சேர்ந்துகொள்கிறது. செஞ்சியில் பட்டாபிராமர் கோயிலே இருப்பதால், “கோட்டையில் எடுத்தது, தேசிங்கு ராஜா காலத்துக் காசு” என்பார்கள். அதே மூச்சில் “கம்பெனிக் காசு, 1818ஆம் வருடம் போட்டிருக்கிறது” என்றும் சொல்வார்கள். தேசிங்கு ராஜா எனப்படும் தேஜ்சிங் ஆற்காட்டு நவாபின் படையுடன் போரிட்டு இறந்தது 1714இல். இரண்டு கதைகளும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. இந்தக் கதைகளை நம்பிப் பணம் இழப்பவர்கள் இருப்பதால்தான் இதனை விளக்க வேண்டியிருக்கிறது.

காசின் அமைப்பு

ஒரு பக்கத்தில் பட்டாபிஷேகக் காட்சி: ராமரும் சீதையும் அரியணையில் அமர்ந்திருக்க, தம்பியர் குடையும் சாமரமும் ஏந்தி நிற்க, அனுமன் கீழே பணிந்திருப்பார். மறுபக்கத்தில் வில்லேந்திய ராமரும் லட்சுமணரும் நிற்பது வழக்கம். சிலவற்றில் அனுமன் மட்டும் இருப்பார். சுற்றிலும் நாகரி எழுத்தில் ராம, லட்சுமண, ஜானகி, அனுமன் பெயர்கள் வரும். ஆண்டு போலத் தோன்றும் எண்ணும் இருக்கலாம். 51740 என்ற எண் பல காசுகளில் காணப்படுகிறது. எந்தச் சகாப்தத்திலும் அப்படி ஓர் ஆண்டு வராது. அது அச்சு வெட்டியவர் அழகுக்குச் சேர்த்தது, அவ்வளவுதான்.

பொன்னால் ஆன பழைய ராமடங்கங்கள் உண்மையிலேயே உண்டு. அவற்றுள் சில கிண்ணம் போல் குழிந்திருக்கும். விஜயநகர மன்னர்கள் வெளியிட்டவை என்று வழக்கமாகச் சொல்லப்பட்டாலும், பல பிற்காலத்தில் கோயில் சார்ந்து செய்யப்பட்டவை என்பதே நாணயவியலாளர் கருத்து. அவை ஏலத்தில் பொன்னின் விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். ஆனால் நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் பித்தளையிலோ, வெள்ளி முலாம் பூசிய பித்தளையிலோ, அரிதாக வெள்ளியிலோ செய்யப்பட்டவை.

“கம்பெனிக் காசு” என்ற வகை

மிகுதியாக ஏமாற்றப் பயன்படுவது இந்த வகைதான். பெரிய செப்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன் அல்லது தாமரை. மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, யு.கே.எல். ஒன் அணா, 1616 அல்லது 1717 அல்லது 1818 என்ற ஆண்டு.

இது கம்பெனி அச்சிட்டதன்று என்பதை வரலாற்றைக் கொண்டே நிறுவலாம். சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் புழங்கியவை வராகன், பணம், காசு என்ற கணக்கில் அமைந்தவை. கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே வகை நாணயம் வந்தது 1835இல்தான். அந்த வரிசையின் செப்புக் காசுகளில் பெரியது அரையணா. ஓரணா நாணயம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1907இல், நெளிந்த விளிம்புடன் நிக்கல் கலந்த உலோகத்தில் வெளிவந்தது. ஆகவே 1818ஆம் ஆண்டு செப்பு ஓரணா என்று ஒன்று இருக்க இடமே இல்லை. யு.கே.எல். என்ற எழுத்துகளும் கம்பெனியின் உண்மையான எந்த நாணயத்திலும் கிடையாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: கம்பெனி சாமி படம் போட்டுக் காசு அடித்ததே இல்லையா? அடித்தது. சென்னையில் கம்பெனி வெளியிட்ட மூன்று சாமி வராகனில் வேங்கடவன் இரு தேவியருடன் நிற்கிறார். ஆனால் அது பொன். எடை சுமார் 3.4 கிராம், சட்டைப் பொத்தான் அளவுதான். அதற்கும் முன்பே, அக்பரின் ஆட்சியின் 50ஆம் ஆண்டில் (1604–05), ராமரும் சீதையும் நடந்து செல்லும் உருவத்துடன் காசுகள் வெளிவந்தன. அவையும் சிறியவை. உள்ளங்கையை நிறைக்கும் அளவில் பளபளவென்று ராமர் படம் இருந்தால், பெருமைப்படுவதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

முதலில் செய்யக்கூடாத ஒன்று: புளி, விபூதி, எலுமிச்சை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பைப் புளி போட்டுத் துலக்கியே பழகிய கை நமக்கு. உண்மையான பழங்காசாக இருந்தால், அதன் மேல் படிந்த நிறம் போனவுடன் விலையும் பாதி போய்விடும்.

அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அச்சில் அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் உருவங்கள் மழுங்கி, சிறு குமிழித் துளைகள் தெரியும். பக்கவாட்டில் இரு அச்சுகள் சேர்ந்த கோடும் தெரியலாம். காந்தம் இழுத்தால் அதில் இரும்பு இருக்கிறது. இழுக்காவிட்டால் வெள்ளி என்று பொருளன்று, பித்தளையையும் காந்தம் இழுக்காது.

உலோகத்தை அறிய எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம் போதும். நகை எடை போடும் சிறு மின் தராசில் காசை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர் உள்ள தம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் முழுக விடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். பித்தளைக்கு ஏறத்தாழ 8.5, செம்புக்கு 8.9, தூய வெள்ளிக்கு 10.5, தூய பொன்னுக்கு 19.3. என் பாட்டி ராமேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்து, “வெள்ளிக் காசு” என்று கடைசிவரை நம்பிப் போற்றிய காசின் எடை 11.6 கிராம்; நீரில் காட்டியது 1.36. வகுத்தால் 8.5. பித்தளை. பாட்டி இருந்திருந்தால் நான் சோதித்தே பார்த்திருக்க மாட்டேன். குழிந்த காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும். விரலால் தட்டி நீக்கிவிட வேண்டும்.

விலை

பித்தளை, செம்பு வில்லைகளுக்கு நாணயக் கண்காட்சிகளில் சில நூறு ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வெள்ளியானால் அன்றைய வெள்ளி விலையுடன் வேலைப்பாட்டுக்காகச் சிறிது கூடும். பொன் என்று சோதனையில் தெரிந்தால் உருக்கக் கொடுக்காமல் நாணயவியல் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சிறந்த நாணயத் தொகுப்பு உள்ளது; ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

பழமை மட்டுமே விலையைக் கூட்டாது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் அச்சிட்ட 1808ஆம் ஆண்டு 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. 1980களில் அவை லட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. உண்மையான கம்பெனிக் காசுதான், 200 ஆண்டைக் கடந்ததுதான். ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் இன்றும் மலிவு.

மாறாக, அதே பெட்டியில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் சிறு காசுகளைப் பாருங்கள். பாரசீக எழுத்துள்ள தடித்த ஆற்காட்டு வெள்ளி ரூபாய், புதுச்சேரி என்று தமிழில் பொறித்த பிரெஞ்சுச் செப்புக் காசு, சேவல் உருவமும் 1836 என்ற ஆண்டும் உள்ள காசு ஆகியவை இந்த வட்டாரத்தில் புழங்கியவை. பார்வைக்கு எளியவை; ஆனால் உண்மையான நாணயங்கள்.

மோசடியும் சட்டமும்

“உங்கள் காசு கோடிக்குப் போகும்” என்று தொலைபேசியில் சொல்பவர் அடுத்துக் கேட்பது பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ரிசர்வ் வங்கி அனுமதிக்கான தொகை. பழைய நாணயம் வாங்குவதோ விற்பதோ தன் வேலை அன்று, அதற்குக் கட்டணமும் வாங்குவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொது அறிவிப்பே வெளியிட்டது. காசு அரிசியை இழுக்கும், இடிதாக்கிச் சக்தி ஏறியது என்று பேசும் கூட்டம் தனி. செம்பு அரிசியை இழுக்காது. இழுத்துக் காட்டினால் அரிசியில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொல்பொருள் மற்றும் கலைப்பொருள் சட்டம், 1972இன்படி 100 ஆண்டுக்குக் குறையாத நாணயமும் தொல்பொருளே. அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. அத்தகைய பொருள்களை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். நிலத்தை உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ புதையல் கிடைத்தால், அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆகையால் பாட்டி வாங்கிவந்த பித்தளைக் காசைக் “கோட்டையில் எடுத்தது” என்று பெருமைக்குச் சொல்லிக்கொள்வது வீண் வம்பு. யார், எந்த ஊரில், எந்த ஆண்டு வாங்கியது, என்ன எடை என்று ஒரு சீட்டில் எழுதிக் காசோடு சேர்த்து வையுங்கள்.