மனசு மட்டும் வைத்தால் போதுமா?

கவலையும் போதைப் பொருளும் மூளையில் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. குடியை விட்டவர் மறுபடி குடிப்பதற்கும், ஊசியை விட்டவர் மறுபடி ஊசியைத் தேடுவதற்கும் விளக்கம் அங்கே இருக்கிறது.

போதை மறுவாழ்வு மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை இது. முப்பது நாள் சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். உடம்பு தேறியிருக்கிறது. கை நடுங்கவில்லை. கோயிலிலோ குருத்வாராவிலோ சத்தியமும் செய்தாகிவிட்டது. இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிறகு ஒரு நாள் கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். அல்லது வேலை போய்விடுகிறது. அல்லது வீட்டில் ஒரு சாவு. அன்றிரவே அவர் பழைய இடத்துக்குப் போய்விடுகிறார். "மனசு வைக்கலை" என்று தீர்ப்புச் சொல்கிறது குடும்பம்.

அந்தத் தீர்ப்பு அவசரமானது என்று காட்டுகின்றன மூளை பற்றிய ஆராய்ச்சிகள். 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். கூண்டில் இருந்த ஒரு நெம்புகோலை எலி அழுத்தினால் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் பாயும். எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெம்புகோலை அழுத்தின. மூளையில் 'இது வேண்டும், இன்னும் வேண்டும்' என்று சொல்லும் ஒரு பகுதி இருப்பது தெரியவந்தது.

இன்று இதை மூளையின் வெகுமதி அமைப்பு என்கிறார்கள். நடுமூளையில் உள்ள ஒரு சிறு நரம்புச் செல் கூட்டம் டோபமைன் என்ற ரசாயனத்தை மூளையின் முன்பக்கத்துக்கு அனுப்புகிறது. டோபமைன் வெறும் இன்ப ரசாயனம் அல்ல. எது முக்கியம், எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் அது. சுவிட்சர்லாந்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்கு விளக்கு எரியும்போதெல்லாம் சில சொட்டுப் பழரசம் கொடுத்துப் பார்த்தார். முதலில் பழரசம் கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. பழகிய பிறகு விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன. குடியை விட்டவருக்கு பழைய கடை இருக்கும் தெருமுனையைப் பார்த்ததும் நாக்கு ஊறுவது இப்படித்தான்.

குறுக்கு வழி

சாப்பாடு, தாம்பத்தியம், குழந்தையின் சிரிப்பு எல்லாமே இந்த அமைப்பை அளவோடு தூண்டுகின்றன. போதைப் பொருள் குறுக்கு வழியில் நுழைகிறது. டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதை கோகைன் தடுத்துவிடுகிறது. டோபமைன் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக்கை ஹெராயினும் அபினும் தளர்த்துகின்றன. நிகோடின் அந்தச் செல்களை நேரடியாகவே தட்டி எழுப்புகிறது. வழிகள் வேறு, விளைவு ஒன்று. மது, நிகோடின், கோகைன், அபின் வகைகள் எல்லாமே எலி மூளையின் ஒரே பகுதியில் டோபமைனைக் கூட்டுவதை 1988இல் இத்தாலிய விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள்.

வெள்ளம் அடிக்கடி வந்தால் மூளை மதகைக் குறுக்கிக் கொள்கிறது. டோபமைனை வாங்கிக் கொள்ளும் ஏற்பிகள் கோகைன் அடிமைகளின் மூளையில் குறைந்திருப்பதை 1990களில் அமெரிக்க டாக்டர் நோரா வோல்கோவ் ஸ்கேன் மூலம் காட்டினார். கோகைனை நிறுத்திப் பல வாரங்கள் ஆன பிறகும் குறைவு நீடித்தது. இந்த நிலையில் நல்ல சாப்பாடு ருசிக்காது, பண்டிகை சந்தோஷம் தராது. போதை மட்டுமே ஓரளவு எட்டும். அதுவும் பழைய சுகம் தராது, அவஸ்தையைத் தணிக்கும், அவ்வளவுதான்.

கவலை என்ற இன்னொரு கதவு

இதில் மன அழுத்தம் எங்கே வருகிறது? 2003இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் மாலெங்கா, அன்டோனெல்லோ போன்சி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. சில எலிகளுக்கு கோகைன், மார்ஃபின், மது, நிகோடின் போன்றவற்றில் ஒன்றைக் கொடுத்தார்கள். வேறு சில எலிகளுக்கு எந்தப் போதையும் தரவில்லை. குளிர்ந்த நீரில் சிறிது நேரம் நீந்த விட்டார்கள். மறுநாள் டோபமைன் செல்களைச் சோதித்தால் இரு தரப்பிலும் ஒரே மாற்றம். அந்தச் செல்களுக்கு வந்து சேரும் தூண்டுதல் இணைப்புகள் பலப்பட்டிருந்தன. போதையே தொடாத எலியின் மூளையிலும் அதே தழும்பு.

இன்னொரு விவரமும் உண்டு. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனைத் தடுக்கும் ஒரு மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது குளிர்நீர் நீச்சலால் வந்த மாற்றம் நின்றது. கோகைனால் வந்த மாற்றம் நிற்கவில்லை. ஆக, கதவு இரண்டு, உள்ளே அறை ஒன்று.

விட்டவர்கள் திரும்பப் போவதற்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது. ஹெராயினுக்குப் பழகி, பிறகு அது கிடைக்காததால் நெம்புகோலை அழுத்துவதையே கைவிட்ட எலிகளுக்கு மான்ட்ரியல் ஆய்வாளர்கள் பாதத்தில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பல வாரம் ஹெராயினே இல்லாமல் இருந்த எலிகள் மறுபடி நெம்புகோலுக்கு ஓடின. 1995இல் வெளியான ஆய்வு இது. கடன்காரர் வாசலில் நின்று கத்துவதும் அந்த அதிர்ச்சி போலத்தான்.

இதில் ஒரு கொடுமை, போதையை நிறுத்துவதே ஒரு மன அழுத்தம் என்பது. நிறுத்தியதும் மூளையில் அழுத்த ரசாயனங்கள் பொங்குகின்றன. எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத பயம். பட்ட கஷ்டம் தீர ஒரு டோஸ் போதும் என்று மூளைக்கு ஏற்கெனவே பாடமாகியிருக்கிறது.

வாழும் சூழ்நிலை இந்த ஏற்பிகளையே மாற்றுமா? வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் 20 குரங்குகளை முதலில் தனித்தனியாகவும் பிறகு நான்கு நான்காகவும் வளர்த்தது. ஒவ்வொரு குழுவிலும் அதிகாரம் செய்யும் குரங்கு, அடங்கிப்போகும் குரங்கு என்று வரிசை உண்டாயிற்று. மேலே இருந்தவற்றின் மூளையில் டோபமைன் ஏற்பிகள் கூடின. கீழே இருந்தவற்றுக்குக் கூடவில்லை. கோகைனை எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தந்தபோது அடங்கிக் கிடந்த குரங்குகளே அதை நாடின. 2002இல் வெளிவந்த முடிவு இது.

மனிதர்களில் இதற்கு நெருக்கமான சாட்சி வியட்நாம் போர். அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் சுமார் 20 சதவீதம் பேர் ஹெராயின் அல்லது அபினுக்கு அடிமையாகி இருந்ததாக, 1971இல் நாடு திரும்பியவர்களிடம் ஆய்வு நடத்திய லீ ராபின்ஸ் கண்டார். ஊர் வந்த முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் சுமார் 5 சதவீதம் மட்டுமே. ஹெராயின் அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் போர்க்களம், பயம், பழைய கூட்டாளிகள் என்று எல்லாமே அங்கேயே தங்கிவிட்டன என்பதையும் மறுக்க முடியாது. நம் ஊரில் சிகிச்சை முடித்தவர் திரும்புவது அதே வீட்டுக்கு, அதே தெருவுக்கு, அதே கடனுக்கு.

இதனால் எல்லாப் பழியையும் மூளை மேல் போட்டுவிட முடியாது. ஒருமுறை குடித்த எல்லோரும் அடிமையாவதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு, தொடங்கும் வயதுக்குப் பங்கு உண்டு. மன உறுதியும் வேண்டும். ஆனால் அந்த உறுதியைத் தாங்கும் மூளையின் முன்பகுதியே கவலையாலும் போதையாலும் பலவீனமாகிறது என்பதுதான் சிக்கல்.

இந்தியாவில் இந்தச் சிக்கலின் அளவு சிறியதல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி, 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி மதுவால் உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடிக்கு மேல். அபின் வகைப் போதைக்கு உதவி தேவைப்படுபவர்கள் சுமார் 77 லட்சம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

மருந்து இல்லாமல் இல்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை ஹெராயின் போல உச்சிக்கு ஏற்றாது, அதலபாதாளத்தில் தள்ளவும் செய்யாது. நிறுத்தியதால் வரும் கொந்தளிப்பு அடங்குகிறது. பஞ்சாப் அரசு வெளிநோயாளி கிளினிக்குகளில் இதைத் தருகிறது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்ற முணுமுணுப்பும் உண்டு. சர்க்கரை நோயாளியின் இன்சுலினை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சட்டமும் வழிவிட்டிருக்கிறது: தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்குச் சிறு குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குத் தர 1985இன் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

ஆனால் மாத்திரை கடனை அடைக்காது. வீடு திரும்புகிறவருக்கு ஒரு வேலை, கடனுக்குத் தவணை, ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டுப் பேச ஒரு ஆள் — இவையும் சிகிச்சையின் பகுதிதான் என்பது ஆராய்ச்சி சொல்லும் பாடம். குடும்பம் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு தடவை சறுக்கினால் வாசலுக்கு வெளியே தள்ளாமல், மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போகலாம்.

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. மெதாம்ஃபெடமைன் என்ற கடும் போதையை விட்டவர்களை வோல்கோவ் குழுவினர் 2001இல் மறுபடி ஸ்கேன் செய்தபோது, சேதமான டோபமைன் அமைப்பு பெருமளவு தேறியிருந்தது. அதற்குப் பிடித்த காலம் பன்னிரண்டு முதல் பதினேழு மாதங்கள். நம் மறுவாழ்வு மையங்கள் பலவும் தருவது முப்பது நாள்.